வாய் திறக்க முப்பது ஆண்டு

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்த பல பெண்களை ரயில் ஏற்றி பிளெட்ச்லி என்ற ஊருக்கு அனுப்பினார்கள். கப்பலையும் துறைமுகத்தையும் எண்ணிச் சேர்ந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். இங்கிலாந்தின் நடுவில், எந்தக் கரைக்கும் எட்டாத தூரத்தில், செங்கல் சூளைகளும் ரயில் சந்திப்பும் தவிரச் சொல்லிக்கொள்ள ஏதுமில்லாத ஊர் அது. கடற்படையோ அங்கே தன் பெண்கள் வேலை செய்த இடங்களுக்கு ‘எச்.எம்.எஸ். பெம்புரோக் ஐந்து’ என்று கப்பலின் பெயரைச் சூட்டியிருந்தது. கரையில் இருக்கும் கட்டடத்தையும் கப்பல் என்றே அழைப்பது பிரிட்டிஷ் கடற்படையின் பழைய வழக்கம். அந்தக் கப்பலில் தண்ணீர் இல்லை, கொடிமரம் இல்லை, கேள்வி கேட்க அனுமதியும் இல்லை.

ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் 1924-ல் பிறந்த ஜீன் வேலண்டைன் அப்படிப் போனவர்களில் ஒருவர். எதிரியின் சங்கேதங்களை உடைக்கும் ரகசிய மையமான பிளெட்ச்லி பார்க் வளாகத்தின் 11-ஆம் குடிலில் ‘பாம்ப்’ எனப்பட்ட எந்திரத்தை இயக்கினார். வாரச் சம்பளம் 15 ஷில்லிங். பிறகு கொழும்புக்கு மாற்றலாகி ஜப்பானியரின் வானிலைச் சங்கேதங்களில் வேலை செய்தார். போர் முடிந்து வீடு திரும்பியவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. எண்பது வயதை ஒட்டி, அதே எந்திரத்தின் மறுவார்ப்பு முன் நின்று அருங்காட்சியகப் பார்வையாளர்களுக்கு அதை இயக்கிக் காட்டினார். 2019 மே மாதம், 94 வயதில் இறந்தார்.

இவரைப் போன்ற பெண்களைப் பற்றி இன்று வரும் நூல்களும் இரங்கல் குறிப்புகளும் ஆவணப்படங்களும் பெரும்பாலும் அவர்கள் எழுபது, எண்பது, தொண்ணூறு வயதில் சொன்னதை வைத்து எழுதப்பட்டவை. பதினெட்டு வயதில் நடந்ததை அறுபது ஆண்டு கழித்துச் சொல்கிறார்கள். இடையில், ரகசியம் காப்பதாகக் கொடுத்த உறுதிமொழியால், முப்பது ஆண்டு வாய்ப்பூட்டு. இந்த நினைவுகளை ஓர் ஆய்வாளர் எவ்வளவு நம்பலாம்? கிழவியின் நினைவு என்று ஒதுக்குவோரும் உண்டு, வீராங்கனையின் வாக்குமூலம் என்று அப்படியே எடுத்துக்கொள்வோரும் உண்டு. இரண்டுமே சோம்பேறித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரிட்டிஷ் கடற்படையின் மகளிர் பிரிவு 1917-ல் தொடங்கி 1919-ல் கலைக்கப்பட்டது. 1939-ல் மறுபடி உயிர்பெற்றபோது, முதல் பிரிவில் பணியாற்றிய வேரா லாட்டன் மேத்யூஸ் தலைமை ஏற்றார். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தை ஒட்டி அந்தப் பெண்களை ‘ரென்’ என்பார்கள். 1944-ல் அவர்கள் எண்ணிக்கை எழுபத்தையாயிரத்தை ஒட்டி இருந்தது. சமையல், கணக்கு, படகோட்டுதல், வானொலி, டார்பிடோ பராமரிப்பு என்று எல்லா வேலையிலும் இருந்தார்கள். பிளெட்ச்லிக்கு 1941-ல் முதலில் வந்தவர்கள் எட்டே பேர். பெண்களால் இந்த எந்திரத்தைச் சமாளிக்க முடியுமா என்ற சந்தேகத்தோடு சோதனையாக வரவழைக்கப்பட்டவர்கள். போர் முடிகையில் பாம்ப் எந்திரங்கள் இருநூறைத் தாண்டின; அவற்றை இயக்கிய ரென்கள் ஆயிரத்து அறுநூறுக்கும் மேல்.

அவர்களின் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் நினைவைப் பற்றிய வாதம் பிடிபடும்.

ஜெர்மானியர் செய்திகளை எனிக்மா என்ற கருவியில் சங்கேதமாக்கினார்கள். அதற்குள் சுழலும் சக்கரங்கள் மூன்று. தரைப்படையும் விமானப்படையும் ஐந்து சக்கரங்களிலிருந்து மூன்றை எடுத்து வரிசைப்படுத்தின. அதில் மட்டும் 60 வகை. ஒவ்வொரு வரிசைக்கும் 17,576 தொடக்க நிலைகள். இதற்கு மேல் எழுத்துகளை இணை மாற்றும் ஒரு பலகை. தினமும் நள்ளிரவில் எல்லாம் மாறிவிடும். சங்கேதச் செய்தியில் இன்ன இடத்தில் இன்ன சொல் இருக்கும் என்று ஊகிக்க முடிந்தால், அந்த ஊகத்துக்கு ஒத்துவராத நிலைகளை ஒவ்வொன்றாகக் கழித்துவிடலாம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வாசகத்தில் வரும் வானிலை அறிக்கைகள் இந்த ஊகத்துக்கு நல்ல தீனி. கழிக்கும் வேலையைச் செய்ததுதான் பாம்ப். ஆலன் டியூரிங்கின் வடிவமைப்பு. கார்டன் வெல்ச்மன் செய்த ஒரு திருத்தம் அதன் வேகத்தைப் பல மடங்கு கூட்டியது. லெட்ச்வொர்த் நகரில் ஹரால்ட் கீன் தலைமையில் எந்திரம் உருவானது. முதலாவது 1940 மார்ச்சில் பிளெட்ச்லிக்கு வந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1930-களில், போலந்தின் கணித அறிஞர்கள் எனிக்மாவை உடைத்துக் காட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எந்திரம் ஏழடி அகலம், ஆறரை அடி உயரம், ஒரு டன் எடை. முன்பக்கம் 108 உருளைகள். எந்தச் சக்கரத்துக்கு எந்த உருளை என்பது நிறத்தைப் பார்த்தால் தெரியும்: சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று. ‘மெனு’ என்ற ஒரு தாள் வரும். அதில் எழுத்துகளைக் கோடுகளால் இணைத்து ஒரு படம் இருக்கும். அதன்படி ஒருத்தி முன்பக்கம் உருளைகளை மாட்டுவாள். பின்பக்கம் போய் தடித்த கேபிள்களைச் செருகுவாள். ஒவ்வோர் உருளையின் உட்புறத்திலும் 104 மெல்லிய கம்பித் தூரிகைகள். ஒன்று வளைந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டாலும் மின்சாரம் குறுக்கே பாய்ந்து கணக்கு கெட்டுவிடும். ஆகவே எந்திரம் ஓடாத நேரத்தில் மாற்று உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு சிறு இடுக்கியால் கம்பிகளை நிமிர்த்த வேண்டும். எந்திரம் ஓடத் தொடங்கினால் அறை முழுக்க இரைச்சல், சூடு, எண்ணெய் நாற்றம். ஒரு வரிசையைச் சோதிக்கப் பத்து, இருபது நிமிடம். திடீரென்று நின்றால், காட்டும் எழுத்துகளைக் குறித்துத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். மறுபடி ஓடவிட வேண்டும். சரியான விடை கிடைத்தால் ‘வேலை முடிந்தது, கழற்று’ என்ற பொருளில் இரண்டு மூன்று சொல் வரும். எல்லா உருளைகளையும் கழற்றி அடுத்த மெனுவுக்கு மாட்ட வேண்டும். எட்டு மணி நேர முறை: காலை, மாலை, இரவு. வாரந்தோறும் முறை மாறும். வயிறும் தூக்கமும் ஒரு வாரம்கூட நிலைப்படாது.

என்ன செய்தி, யாருடையது, அதைப் படித்து என்ன செய்தார்கள்? ஒன்றும் சொல்லப்படவில்லை. லண்டன் புறநகரான ஈஸ்ட்கோட்டில் இருந்த பிளெட்ச்லியின் கிளை நிலையத்தில் எந்திர அறைகளுக்கு நேச நாடுகளின் பெயரையும் எந்திரங்களுக்கு அந்தந்த நாட்டு ஊர்களின் பெயரையும் வைத்திருந்தார்கள். அந்தப் பெண்கள் நாள் முழுக்க உச்சரித்த போர்க்களப் பெயர்கள் அநேகமாக அவை மட்டுமே. அவர்களுடைய பணிப் பிரிவின் பெயர் ‘ஸ்பெஷல் டியூட்டீஸ் எக்ஸ்’. பணிச் சான்றிதழிலும் அதுதான். போருக்குப் பின் வேலை தேடப் போன இடத்தில் ‘மூன்று ஆண்டு என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால், எழுத்தர் வேலை என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியிருந்தது.

கரையில் இருந்த பெண்கள் என்று சொல்லும்போதே ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். 1941 ஆகஸ்டில் ஜிப்ரால்டருக்குப் போன ‘அகிலா’ என்ற கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தகர்த்தபோது 21 ரென்களும் ஒரு கடற்படைச் செவிலியும் மாண்டார்கள். 1944 பிப்ரவரியில் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ‘கெதீவ் இஸ்மாயில்’ மாலத்தீவுக்கு அருகே ஜப்பானின் ஐ-27 நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு இரண்டே நிமிடத்தில் மூழ்கியது. இறந்தவர் 1,297 பேர். அவர்களில் பெண்கள் 77: பெரும்பாலும் செவிலியர், கூடவே ரென்கள். நீர்மூழ்கி, உயிர்தப்பி மிதந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழேயே பதுங்கியிருந்தது. காவலுக்கு வந்த ‘பெட்டார்ட்’, ‘பாலடின்’ என்ற இரு போர்க்கப்பல்கள் அந்த மனிதர்களுக்கு நடுவிலேயே ஆழ்குண்டுகளை வீசித்தான் அதை மேலே வரவைத்து அழிக்க முடிந்தது.

இந்த ‘பெட்டார்ட்’ நம் கதையில் ஏற்கெனவே வந்திருக்க வேண்டிய கப்பல். ஜெர்மானிய நீர்மூழ்கிப் படை 1942 பிப்ரவரியில் எனிக்மாவில் நான்காவது சக்கரத்தைச் சேர்த்ததும் பிளெட்ச்லிக்கு அட்லாண்டிக் சங்கேதம் பத்து மாதம் இருண்டுபோனது. அந்த அக்டோபர் 30 இரவு, மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த யூ-559 என்ற நீர்மூழ்கிக்குள் இறங்கிச் சங்கேதப் புத்தகங்களை எடுத்துத் தந்தவர்கள் பெட்டார்டின் மாலுமிகள். டோனி ஃபாசன், காலின் கிரேசியர் இருவரும் அதற்குள்ளேயே மூழ்கிப்போனார்கள். கூடப் போன டாமி பிரவுன் என்ற சிறுவன் மட்டும் மேலே வந்தான். அந்தப் புத்தகங்களால் டிசம்பரில் சங்கேதம் மறுபடி திறந்தது; ரென்களின் எந்திரங்களுக்கு வேலை வந்தது. அன்றைக்கு உருளை மாட்டிக்கொண்டிருந்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரிய வழியில்லை.

கொழும்புக்கு வருவோம். தூரக்கிழக்கில் பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு நிலையம் சிங்கப்பூரில் இருந்தது. 1941-ல் அங்கே வானொலி கேட்க அனுப்பப்பட்ட ரென் குழுவுக்குத் தலைவி பெட்டி ஆர்ச்டேல். உலகின் முதல் பெண்கள் டெஸ்ட் கிரிக்கெட் தொடரில், 1934-35-ல், இங்கிலாந்தின் கேப்டனாக ஆடியவர். பிற்காலத்தில் சிட்னியில் புகழ்பெற்ற பள்ளித் தலைமையாசிரியை. ஜப்பானியர் நெருங்கியதும் நிலையம் 1942 தொடக்கத்தில் கொழும்பின் பெம்புரோக் கல்லூரிக்கு மாறியது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. அந்த அச்சத்தில் சென்னையே காலியானதைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் நம்மில் பலர். நிலையம் மறுபடி மூட்டை கட்டி ஆப்பிரிக்காவின் மொம்பாசா பக்கம் கிலிண்டினிக்குப் போய், 1943-ல் கொழும்புக்கே திரும்பியது. இம்முறை இடம் ஒரு கோல்ஃப் மைதானம்; பெயர் ‘எச்.எம்.எஸ். ஆண்டர்சன்’. மறுபடியும் தண்ணீரில்லாத கப்பல். பக்கத்தில் ரயில் பாதையும் உயர் அழுத்த மின்கம்பியும் ஓடின. மெல்லிய வானொலி ஒலிகளைப் பிடிக்க இதைவிட மோசமான இடத்தைத் தேடியிருக்க முடியாது. ஜீன் வேலண்டைன் வந்தது இந்த நிலையத்துக்குத்தான். பிளெட்ச்லியில் ஜெர்மானிய வானிலை அறிக்கை சங்கேதத்தை உடைக்கும் கருவி. கொழும்பில் ஜப்பானிய வானிலை அறிக்கையே உடைக்க வேண்டிய சங்கேதம். வங்கக் கடலிலும் பர்மாவிலும் விமானமோ கப்பலோ கிளம்புமா என்பதை மேகமும் காற்றும் தீர்மானித்த காலம் அது.

போர் முடிந்தது. பாம்ப் எந்திரங்களைப் பிரித்துப் போடும் வேலையும் பெரும்பாலும் அதே பெண்களுக்கு வந்தது. ரூத் போர்ன் என்ற ரென், கம்பி கம்பியாகக் கழற்றியதைப் பிற்கால நேர்காணல்களில் விவரித்திருக்கிறார். காதும் காதும் வைத்தாற்போல் எல்லோரும் கலைந்தார்கள். கணவனும் மனைவியும் பிளெட்ச்லியில் வெவ்வேறு குடில்களில் இருந்துவிட்டு, ஒருவர் வேலையை மற்றவர் அறியாமல் பல ஆண்டு குடும்பம் நடத்தியதும் உண்டு. மகள் போரில் என்ன செய்தாள் என்று அறியாமலே பெற்றோர் இறந்துபோனார்கள்.

1974-ல் ஃபிரெடரிக் வின்டர்பாதம் என்ற முன்னாள் உளவுத்துறை விமானப்படை அதிகாரி ஒரு நூல் எழுதி ரகசியத்தை உடைத்தார். ‘இனிப் பேசலாம்’ என்று பலர் புரிந்துகொண்டது அதன் பிறகுதான். உறுதிமொழி உறுதிமொழிதான் என்று அதற்குப் பிறகும் வாயே திறக்காதவர்கள் இருந்தார்கள். ஜீன் வேலண்டைனுக்கு அப்போது ஐம்பது வயது.

ஆய்வாளருக்கு இங்கேதான் கவனம் வேண்டும். 1974-க்குப் பிறகு இந்தப் பெண்கள் நூல்களைப் படித்தார்கள், ஆவணப்படங்களைப் பார்த்தார்கள், ஒருவரோடொருவர் பேசினார்கள். தாங்கள் செய்தது என்னவென்று அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். ஆகவே அவர்கள் வாய்மொழியில் இரண்டு அடுக்கு உண்டு: கை அறிந்தது, பின்னால் படித்தது. தூரிகைக் கம்பியை இடுக்கியால் நிமிர்த்தியது, இரவு முறை முடிந்து பஸ்ஸில் தூங்கி வழிந்தது, எண்ணெய்க் கறை போகாத சட்டைக் கை: இதெல்லாம் முதல் அடுக்கு. இவற்றை ஒருவரிடமிருந்து ஒருவர் இரவல் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ‘நாங்கள் போரை இரண்டு ஆண்டு குறைத்தோம்’ என்பது இரண்டாம் அடுக்கு. அது ஹாரி ஹின்ஸ்லி என்ற வரலாற்றாசிரியரின் மதிப்பீடு. அவரே பிளெட்ச்லியில் வேலை செய்தவர். பிரிட்டிஷ் உளவுத்துறையின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதியவர். மதிப்புள்ள ஊகம்தான், ஆனால் ஊகம். நேர்காணலில் ஒரு மூதாட்டி அதைச் சொன்னால் அது அவருடைய சாட்சியம் ஆகாது, அவர் படித்ததின் எதிரொலி. சத்தியப் பிரமாணம் வாங்கும்போது அதிகாரி மேசையில் துப்பாக்கியை எடுத்து வைத்தார் என்று பலர் சொல்கிறார்கள். சிலருக்கு நடந்திருக்கும். எல்லோருக்கும் நடந்ததா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

முதுமை நினைவை நம்ப முடியாது என்பவர்களுக்கு நான் காட்ட விரும்பும் உதாரணம் வின்டர்பாதம்தான். நூல் வெளிவந்தபோது அவருக்கு 77 வயது. ஆவணங்களைப் பார்க்க வசதியின்றி நினைவிலிருந்து எழுதினார். 1940 நவம்பர் 14 இரவு கவென்ட்ரி நகரம் குண்டுவீச்சில் எரிந்து ஐநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நகரம் தாக்கப்படும் என்று முன்பே சங்கேதம் வழியே பிரதமர் சர்ச்சிலுக்குத் தெரியும், ரகசியத்தைக் காக்க நகரைப் பலி கொடுத்தார் என்று வின்டர்பாதம் எழுதிவிட்டார். பின்னர் திறக்கப்பட்ட ஆவணங்கள் அதை ஆதரிக்கவில்லை. பெரிய தாக்குதல் வரும் என்பது தெரிந்திருந்தது. இலக்கு லண்டன் என்றே நினைத்து அன்று மாலை சர்ச்சில் லண்டனுக்குத் திரும்பினார். ஆனாலும் கவென்ட்ரிக் கதை இன்றுவரை சாகவில்லை. பிளெட்ச்லி வரலாற்றில் நினைவு செய்த இந்தப் பெரிய பிழை, உயர்ந்த இடத்தில் இருந்து நிறைய அறிந்த ஓர் ஆணிடமிருந்து வந்தது. உருளை மாட்டிய பெண்கள் கொஞ்சமே அறிந்திருந்தார்கள். அதனாலேயே அவர்கள் சொன்னதில் தவறு கொஞ்சம். பதவி உயர உயர நினைவு தன்னைப் பற்றிய கதையாக மாறிவிடுகிறது என்று நான் சந்தேகிக்கிறேன்.

கையின் நினைவுக்கு ஒரு சோதனையும் நடந்தது. ஜான் ஹார்ப்பர் தலைமையில் பொறியாளர் குழு ஒன்று, பழைய வரைபடங்களை வைத்துப் பத்தாண்டுக்கு மேல் உழைத்து ஒரு பாம்ப் எந்திரத்தை மறுபடி கட்டியது. 2006-ல் முடிந்து, 2007 ஜூலையில் முறைப்படி இயக்கிவைக்கப்பட்டது. ஜீன் வேலண்டைன் அந்தப் பணியில் பங்கெடுத்தார். வரைபடத்தில் உருளையின் அளவு இருக்கும், கம்பியின் தடிமன் இருக்கும். மாட்டும்போது எந்தக் கையில் எதைப் பிடிப்பது, எந்திரம் நன்றாக ஓடுகிறது என்பதை எந்தச் சத்தத்தில் அறிவது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இராது. பிறகு அவர் அதன் முன் நின்று பார்வையாளர்களுக்கு விளக்கினார். 2012-ல் டியூரிங் நூற்றாண்டையொட்டி ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த கூட்டத்திலும் பேசினார்.

அரசின் அங்கீகாரம் 2009-ல் வந்தது: உயிரோடிருக்கும் பிளெட்ச்லிப் பணியாளர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம், சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு பேட்ஜ். அறுபத்து நான்கு ஆண்டு தாமதம். போர் முடிகையில் ஒன்பதாயிரத்தை ஒட்டியோர் அங்கே வேலை செய்தார்கள்; நாலில் மூன்று பங்கு பெண்கள். பேட்ஜ் வந்தபோது அவர்களில் பலர் உயிரோடு இல்லை. போருக்குப் பின் அமெரிக்கரை மணந்து போன ஒரு ரென் 2018-ல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் 92 வயதில் இறந்தபோது, பிரிட்டிஷ் கொடி போர்த்தி ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இப்படிப்பட்ட சடங்குகளைப் பற்றிக் கேலியாகப் பேச எனக்கு மனம் வராது; என்றாலும் இறந்த பிறகு போர்த்தும் கொடியைவிட, 1946-ல் வேலை கேட்டுப் போனபோது ஓர் ஒழுங்கான சான்றிதழ் அவருக்கு அதிகம் பயன்பட்டிருக்கும்.

இந்தியாவிலும் ஒரு ரென் பிரிவு இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ராயல் இந்தியக் கடற்படையின் மகளிர் பிரிவு 1944-ல் உருவானது. 1945 ஜூனில் ஸ்காட்லாந்தின் ரோசைத் கடற்படைத் தளத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தில், அதன் அதிகாரி கல்யாணி சென் தம் மேலதிகாரி மார்கரெட் கூப்பருடன் நிற்கிறார். சீருடையாக வெள்ளைச் சேலை, தோளில் பட்டை. பிரிட்டனுக்குப் போன முதல் இந்தியப் படைப் பெண் அவர்தான். ஆண்களோடு பெண்கள் வேலை செய்வதைப் பற்றி இந்தியாவில் எதிர்ப்பு உண்டு, படையில் சேரும் ஆர்வத்தால் பெண்கள் அதை உடைத்து வருகிறார்கள் என்று அவர் அங்கே சொன்னது பதிவாகியிருக்கிறது. சுதந்திரத்தை ஒட்டி அந்தப் பிரிவு மறைந்தது. இந்தியக் கடற்படை மறுபடி பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்க 1992 வரை ஆனது.

இந்தப் பெண்களுக்கு யாரும் முப்பது ஆண்டு வாய்ப்பூட்டு போடவில்லை. பேசச் சொல்லிக் கேட்டவர்கள்தான் குறைவு. 1926-ல் பிறந்தவருக்கு 2026-ல் நூறு வயது. நேரில் உட்கார்ந்து கேட்கும் காலம் ஏறக்குறையப் போய்விட்டது. இனி கிடைக்கக்கூடியவை குடும்பங்களிடம் இருக்கும் பணிச் சான்றிதழும், கடிதமும், சீருடைச் சேலையில் எடுத்த ஸ்டூடியோ படமும்தான். பாட்டி போர்க்காலத்தில் ‘ஏதோ ஆபீஸில்’ வேலை பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் வீடுகள், பழைய பெட்டியை எடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.